வார்டில் படுத்திருக்கும் பிள்ளைக்குத் தடுப்பூசி: எதை இப்போதே போடலாம், எதற்குக் காத்திருக்க வேண்டும்

கேள்வி இதுதான். 32 வாரத்தில் 1.5 கிலோ எடையில் பிறந்த ஆண் குழந்தை. 35 நாள் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்தான்; 20ஆம் நாள் ஒருமுறை ரத்தம் ஏற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது பி.சி.ஜி.யும் ஹெபடைடிஸ் பி ஊசியும் போட்டார்கள். பிறகு சளி, இருமல், மறுபடி அட்மிஷன் என்று நாள் ஓடிவிட்டது. இப்போது 17 வாரம். நிமோனியாவுக்காகச் சேர்த்து ஆறாவது நாள். ஆக்சிஜன் எடுத்தாகிவிட்டது, காய்ச்சல் இல்லை, பால் நன்றாகக் குடிக்கிறான். தாய் சேய் நல அட்டையில் மீதிக் கட்டங்கள் எல்லாம் காலி. வார்டில் கேட்டால் "வீட்டுக்குப் போனதும் உங்க ஊர் பி.எச்.சி.யில போட்டுக்குங்க" என்கிறார்கள். ஊர் நர்ஸம்மாவோ, "குறைமாசப் பிள்ளை, ரத்தம் வேற ஏத்தியிருக்கு, பெரியாஸ்பத்திரியில எழுதி வாங்கிட்டு வாங்க" என்கிறார். நடுவில் என்ன செய்வது?

நீங்கள் எழுதியிருக்கும் நிலையில், டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே ஆறாவது வாரத் தவணை முழுவதையும் வார்டிலேயே போட்டுவிடலாம். போடச் சொல்லிக் கேளுங்கள். குறைமாதமும் எடைக் குறைவும் பழைய ரத்தமும் இந்தத் தவணைக்குத் தடை ஆகாது. இறுதி முடிவு பிள்ளையைத் தொட்டுப் பார்க்கும் டாக்டருடையது. ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துபோனால் பாதி வேலை முடியும்.

முதலில் வயதுக் கணக்கு. குறைமாதக் குழந்தைக்கும் தடுப்பூசி வயது பிறந்த தேதியில் இருந்துதான். "எட்டு வாரம் முன்னாடி பிறந்திருக்கான், அதனால எட்டு வாரம் தள்ளிப் போடுவோம்" என்ற கணக்கு வளர்ச்சியைப் பார்ப்பதற்குச் சரி, ஊசிக்குச் சரியில்லை. அளவும் அதேதான், சின்னப் பிள்ளை என்று அரை டோஸ் போடுவது தவறு, அப்படிப் போட்டால் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். குறைமாதக் குழந்தைக்கு அம்மாவிடமிருந்து வரும் எதிர்ப்புச் சக்தி குறைவு, ஏனென்றால் அதில் பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் கடத்தப்படுகிறது. அதனால் கக்குவான் இருமலும் நிமோனியாவும் இவர்களைத்தான் முதலில் பிடிக்கும். ஊசி மற்றவர்களைவிட இவர்களுக்கு அவசரம்.

அடுத்தது, விட்டுப்போனதை முதலில் இருந்து தொடங்க வேண்டியதில்லை. போட்டது போட்டதுதான், விட்ட இடத்தில் இருந்து தொடர்வதே முறை. உங்கள் பையன் கணக்கு இப்படி வரும். இப்போது, 17 வாரத்தில்: பென்டா (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஊசி) முதல் தவணை இடது தொடையில், நிமோனியாவைத் தடுக்கும் பி.சி.வி. முதல் தவணை வலது தொடையில், எஃப்.ஐ.பி.வி. என்ற போலியோ ஊசி 0.1 மில்லி வலது மேல்கையில் தோலுக்குள், போலியோ சொட்டு இரண்டு துளி, பேதியைத் தடுக்கும் ரோட்டா மருந்து வாய்வழியாக. 21 வாரத்தில்: பென்டா இரண்டு, போலியோ சொட்டு இரண்டு, ரோட்டா இரண்டு. 25 வாரத்தில்: பென்டா மூன்று, சொட்டு மூன்று, ரோட்டா மூன்று, அதோடு பி.சி.வி. இரண்டும் எஃப்.ஐ.பி.வி. இரண்டும். பென்டாவுக்கு நடுவே குறைந்தது 4 வாரம், பி.சி.வி.க்கும் எஃப்.ஐ.பி.வி.க்கும் 8 வாரம் என்பதால்தான் அவை நடுவில் ஒரு தடவை விட்டு வருகின்றன. 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை, ரூபெல்லாவுக்கான எம்.ஆர். முதல் தவணை, பி.சி.வி. பூஸ்டர், எஃப்.ஐ.பி.வி. மூன்று, வைட்டமின் ஏ ஒரு லட்சம் யூனிட். அதற்குள் பையன் மற்ற பிள்ளைகளோடு ஒரே வரிசைக்கு வந்துவிடுவான்.

அட்டையில் ஒரு கட்டம் காலியாகவே இருக்கும், பதற வேண்டாம். பிறந்தவுடன் கொடுக்கும் பூஜ்ய போலியோ சொட்டு முதல் 15 நாளுக்குள் கொடுப்பது. அதைத் தாண்டிவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான். ஹெபடைடிஸ் பி பிறப்புத் தவணை உங்கள் பையனுக்குத் தாமதமாகத்தான் விழுந்திருக்கிறது; வழக்கமாக அது 24 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. 2 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு, அம்மாவுக்கு அந்தத் தொற்று இல்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால், ஒரு மாதமோ டிஸ்சார்ஜோ எது முதலில் வருகிறதோ அதுவரை தள்ளுவார்கள். அம்மாவுக்குத் தொற்று இருந்தால் எடை பார்ப்பதில்லை: 12 மணி நேரத்துக்குள் ஊசியும், தயார் எதிர்ப்புப் பொருளான இம்யூனோகுளோபுலினும் இரண்டுமே. அப்போது 2 கிலோவுக்குக் கீழ் போட்ட அந்த ஊசி கணக்கில் சேராது. அதற்கு மேல் மூன்று தவணை வேண்டும், பென்டாவில் அந்த மூன்றும் வந்துவிடுகிறது. போலியோ முகாமில் ஞாயிற்றுக்கிழமை கொடுத்த சொட்டும் அட்டவணைத் தவணைக்கு ஈடு ஆகாது. அது தனி, இது தனி.

ரோட்டா விஷயத்தில் ஒரு குழப்பம் வரும், முன்பே சொல்லிவைக்கிறேன். தனியார் கிளினிக்கில் காட்டினால் "15 வாரம் தாண்டிடுச்சு, இனி தொடங்க முடியாது" என்பார்கள். அது குழந்தை மருத்துவர் சங்க அட்டவணைப்படி சரி. அரசு அட்டவணையில் முதல் தவணையை ஒரு வயது வரை தொடங்கலாம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அரசு இடத்தில் போடுவதாக இருந்தால் 17 வாரத்தில் தொடங்கலாம். பென்டாவும் பி.சி.வி.யும்கூட முதல் தவணை ஒரு வயதுக்குள் விழுந்துவிட வேண்டும். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளை பென்டாவே தொடங்கவில்லை என்றால் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்கு மட்டுமான டி.பி.டி. ஊசிக்கு மாறிவிடுவார்கள். பி.சி.ஜி.க்கும் எல்லை ஒரு வயதுதான்.

ஊசியை உண்மையிலேயே தள்ளிப்போட வைக்கும் காரணங்கள் கொஞ்சம்தான். அதே தடுப்பூசியின் முந்தைய தவணைக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் அந்த ஊசி இல்லை. இப்போது நோய் கடுமையாக இருந்தால், அதாவது 101 டிகிரியைத் தாண்டிய காய்ச்சல், மூச்சுத் திணறல், வலிப்பு ஓய்ந்து நினைவு திரும்பாத நிலை, ஷாக் என்றால், தேறும்வரை பொறுக்க வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி அடியோடு குறைந்த பிள்ளைக்கு உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பு மருந்துகள் (பி.சி.ஜி., எம்.ஆர்., ரோட்டா, போலியோ சொட்டு போன்றவை) கூடாது. இவ்வளவுதான் பெரிய காரணங்கள். லேசான சளி, 100 டிகிரிக்குள் காய்ச்சல், ஆன்டிபயாடிக் ஓடுவது, இன்ஹேலர், எடை ஏறாமை, இதயத்தில் ஓட்டை, மஞ்சள் காமாலை வந்து போனது, குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு, இவை எதுவும் காரணமே இல்லை. காய்ச்சல் வலிப்பு வந்த பிள்ளைக்கும் ஊசி உண்டு. காய்ச்சலை அடக்கும் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு போடுவார்கள். தொடர்ந்து மோசமாகிக்கொண்டே போகும் நரம்பு நோய் இருந்தால் மட்டும் கக்குவான் இருமல் மருந்து சேர்ந்த ஊசியை நிலை சீராகும்வரை நிறுத்திவைப்பது உண்டு. வயிற்றுப்போக்கும் வாந்தியும் கடுமையாக இருந்தால், அவை அடங்கியபின்தான் ரோட்டா. மற்ற ஊசிகளுக்கு அது தடையில்லை.

இவ்வளவு தெளிவாக இருந்தும் வார்டில் ஏன் தயங்குகிறார்கள்? சோம்பேறித்தனம் என்று சட்டென்று முடிவு கட்டிவிடாதீர்கள். பென்டா போட்ட ஒன்றிரண்டு நாளுக்குள் காய்ச்சல் வரலாம். ஆன்டிபயாடிக் கொடுத்துக் காய்ச்சல் அடங்கிய பிள்ளைக்கு மறுபடி சூடு கண்டால், நோய் திரும்பியதா ஊசியா என்று குழம்ப வேண்டும். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையும் ஊசிக்குப் பின் ஏறிக் காட்டும். அதனால் நோயின் உச்சத்தில் போடாமல், தேறி, வீட்டுக்கு அனுப்பப்போகும் நாளிலோ முந்திய நாளிலோ போடுவது இரு தரப்புக்கும் நல்லது. ரோட்டாவும் போலியோ சொட்டும் மலத்தில் வெளியேறும். எதிர்ப்புச் சக்தி குறைந்த வேறு குழந்தைகள் பக்கத்துப் படுக்கையில் இருக்கலாம் என்பதால் அவற்றைக் கிளம்பும் நாளுக்கு வைத்துக்கொள்வதே வழக்கம். 28 வாரத்துக்கும் முன் பிறந்து இன்னும் பச்சிளங்குழந்தைப் பிரிவிலேயே இருக்கும் பிள்ளை என்றால் கதை வேறு: முதல் ஊசிக்குப் பின் 48 முதல் 72 மணி நேரம் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மானிட்டரில் பார்க்க வேண்டும். அதனால்தான் அந்தப் பிள்ளைகளுக்கு ஆறு வாரம் உள்ளேயே ஆனால், ஊசியும் உள்ளேயே போடுவது பாதுகாப்பு.

இன்னொரு தயக்கம் நிர்வாகம் சார்ந்தது. குழந்தைகள் வார்டு ஃப்ரிட்ஜில் தடுப்பூசி இருக்காது, இருக்கவும் கூடாது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்து, நாள்தோறும் காலை மாலை வெப்பநிலை குறிக்கும் தனி குளிர்பெட்டியில்தான் அது இருக்கும். பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் தடுப்பூசிக்கென்று தனி அறை இருக்கும். அங்கே வேலை பெரும்பாலும் காலையில். வார்டில் இருந்து டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதி, நர்ஸ் மருந்து கேட்டுச் சீட்டு (இன்டென்ட்) போட்டு, ஐஸ் பேக் வைத்த கேரியரில் மருந்து மேலே வர வேண்டும். இல்லையென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் அந்த அறைக்குப் போக வேண்டும். யாராவது ஒருவர் இதை ஆரம்பித்துவைக்காவிட்டால் தானாக நடக்காது. வார்டு டாக்டர் பி.எச்.சி. போட்டுவிடும் என்று நினைப்பார். ஊர் நர்ஸ் ஆஸ்பத்திரியில் போட்டிருப்பார்கள் என்று நினைப்பார். இடையில் நாள்தான் ஓடும்.

"ஒரு பிள்ளைக்காகக் குப்பியைத் திறந்தா மீதி வீணாப்போகும்" என்ற பதிலும் வரலாம். பி.சி.ஜி.யும் எம்.ஆரும் பொடியாக வரும். கரைத்தபின் 4 மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும், அங்கே அந்தக் கவலைக்கு அர்த்தம் உண்டு. அப்போதும் ஒரு குழந்தைக்காகத் திறக்கலாம். ஆனால் உங்கள் பையனுக்கு வேண்டிய பென்டா, பி.சி.வி., எஃப்.ஐ.பி.வி., போலியோ சொட்டு எல்லாம் திறந்தபின்னும் விதிப்படி குளிரில் வைத்திருந்தால் 28 நாள் வரை பயன்படுத்தக்கூடியவை. வீணாகும் பேச்சே இல்லை.

ஆகவே கேட்கும் விதத்தை மாற்றிப் பாருங்கள். "ஊசி போடலாமா?" என்று கேட்டால் "அப்புறம் பார்க்கலாம்" என்பதுதான் பதிலாக வரும். காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் படுக்கைக்கு வரும்போது அட்டையை விரித்து நீட்டி, "சார், ஆறாவது வாரத் தவணையே போடலை, இப்ப 17 வாரம். டிஸ்சார்ஜுக்கு முன்னாடி போட ஏதாவது தடை இருக்கா? தடை இருந்தா என்னன்னு டிஸ்சார்ஜ் சம்மரியில எழுதிக் குடுங்க, எந்தத் தேதிக்கு அப்புறம் போடலாம்னும் எழுதிடுங்க" என்று கேளுங்கள். தடை இல்லையென்றால் அங்கேயே உத்தரவு எழுதிவிடுவார். தடை இருந்தால் பி.எச்.சி. கேட்கும் கடிதம் கையில் கிடைத்துவிடும். டிஸ்சார்ஜ் சனி, ஞாயிறில் வருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமையே கேட்டுவிடுங்கள். தடுப்பூசி அறை மூடியிருக்கும். எதுவுமே நடக்கவில்லை என்றாலும் அடுத்த புதன்கிழமையைத் தாண்ட விடாதீர்கள். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் தடுப்பூசி நாள் புதன். சந்தேகத்துக்கு 104 சுகாதார உதவி எண்ணில் கூப்பிடலாம்.

இனி ரத்தம். நர்ஸம்மாவின் பயத்துக்கு அடிப்படை இருக்கிறது, ஆனால் அது வேறு ஊசிக்கு உரியது. ஏற்றிய ரத்தத்தில் கொடுத்தவரின் எதிர்ப்புப் பொருள்களும் சேர்ந்து வரும். அவை எம்.ஆர். போன்ற உயிருள்ள கிருமி ஊசியைப் பிடிக்க விடாமல் செய்துவிடும். ஊசி போட்டது போலவே இருக்கும், பலன் இருக்காது. பென்டா, பி.சி.வி., போலியோ ஊசி, போலியோ சொட்டு, ரோட்டா, பி.சி.ஜி. எதையும் இது பாதிக்காது. எம்.ஆருக்குக் காத்திருக்க வேண்டிய காலம்: பேக்டு செல் (பிரித்தெடுத்த சிவப்பணு) அல்லது முழு ரத்தம் என்றால் 6 மாதம், பிளாஸ்மாவோ பிளேட்லெட்டோ என்றால் 7 மாதம், கவாசாகி நோய்க்குக் கிலோவுக்கு 2 கிராம் ஐ.வி.ஐ.ஜி. (நரம்பு வழியாக ஏற்றும் இம்யூனோகுளோபுலின்) கொடுத்திருந்தால் 11 மாதம். கழுவிய சிவப்பணு என்றால் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பையனுக்கு 20ஆம் நாள் ரத்தம் ஏற்றினார்கள். ஆறு மாதம் கூட்டினால் ஏழாவது மாதத்துக்குள் முடிந்துவிடும். எம்.ஆர். 9 மாதத்தில்தான். ஆகவே ஒரு நாளும் தள்ள வேண்டாம். இந்த அட்மிஷனில் மறுபடி ரத்தம் ஏற்றியிருந்தால் மட்டும் எம்.ஆர். பத்தாவது மாதத்துக்கு நகரும். அதனால் சம்மரியில் "ரத்தம் ஏற்றப்பட்டது" என்று மட்டும் இருந்தால் போதாது. என்ன வகை, எந்தத் தேதி என்று இருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எம்.ஆர். போட்டு 14 நாளுக்குள் ரத்தம் ஏற்ற நேர்ந்தால் அந்தத் தவணையைப் பின்னால் திரும்பப் போட வேண்டியிருக்கும். இதயத்தில் ஓட்டைக்கு ஆபரேஷன் தேதி கொடுத்திருக்கும் 9 மாதம் தாண்டிய பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்: ஆபரேஷனுக்கு இரண்டு வாரத்துக்கும் மேல் இருந்தால் எம்.ஆரை முன்பே போட்டுவிடுவது நல்லது. ஆபரேஷனில் ரத்தமும் பிளாஸ்மாவும் போனால் அப்புறம் ஏழு மாதம் தட்டம்மைக்கு முன் வெறுங்கையோடு நிற்க வேண்டிவரும். மற்ற ஊசிகளை ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்புவரை போடலாம். அதற்கும் நெருங்கிப் போட்டால் காய்ச்சல் வந்து மயக்க மருந்து டாக்டர் தேதியைத் தள்ளிவைப்பார்.

எம்.ஆர். பற்றி இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். டி.பி. இருக்கிறதா என்று பார்க்க மான்டூ ஊசி போடப்போகிறார்கள் என்றால் எம்.ஆரை அதே நாளில் போடலாம், அல்லது மான்டூ முடிந்து போடலாம். எம்.ஆர். முதலில் விழுந்துவிட்டால் மான்டூவுக்கு 4 வாரம் பொறுக்க வேண்டும். இல்லையென்றால் பொய்யாக நெகடிவ் காட்டும். இரண்டாவது, வார்டில் தட்டம்மை வந்த பிள்ளை பக்கத்தில் இருந்திருந்தால், தொடர்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் போடும் ஊசி நோயைத் தடுக்கக்கூடும். ஆகவே "அம்மை போட்ட வார்டு, ஊசி வேண்டாம்" என்று பாட்டிமார்கள் சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். நம் பக்கம் வேப்பிலை செருகிய வீட்டில் மாத்திரைகூடக் கொடுக்கத் தயங்குவார்கள். சின்னம்மை வந்து ஆறிய பிள்ளைக்கு மீதித் தடுப்பூசிகளை வழக்கம்போலத் தொடரலாம்.

ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைகள் தனிக் கணக்கு. சிறுநீரில் புரதம் போய் முகம் வீங்கும் நெஃப்ராட்டிக் நோய்க்கு மாதக்கணக்கில் பிரெட்னிசலோன் கொடுப்பார்கள். கிலோவுக்கு 2 மில்லிகிராமோ, மொத்தம் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ, தினமும் 14 நாளுக்குக் குறையாமல் சாப்பிட்டிருந்தால், உயிருள்ள கிருமி ஊசிகளை மருந்து நிறுத்தி 4 வாரம் கழித்தே போட வேண்டும். வீசிங்குக்கு மூன்று நாள், ஐந்து நாள் கொடுத்தது, இன்ஹேலர், தோலில் தடவும் களிம்பு எதுவும் இந்தக் கணக்கில் வராது. செத்த கிருமி ஊசிகளை ஸ்டீராய்டு ஓடும்போதும் போடலாம். நெஃப்ராட்டிக் பிள்ளைக்கு நிமோகாக்கல் ஊசி மிக முக்கியம். அந்தக் கிருமிதான் வயிற்றில் சீழ் வைக்கும். புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் பிள்ளையின் அட்டவணையைப் புற்றுநோய் டாக்டர்தான் எழுத வேண்டும். ஊர் முகாமில் தானாகப் போய் எதையும் போட்டுக்கொள்ளக் கூடாது. அந்த வீட்டில் இருக்கும் அண்ணன் தங்கைகளுக்கு எம்.ஆர். தாராளமாகப் போடலாம், போட வேண்டும். போலியோ சொட்டு மட்டும் கொடுக்காமல் ஊசியாகக் கேட்க வேண்டும். போலியோ முகாம் நாளில் வீடு தேடி வருபவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையோடு டெங்கு வரும். டெங்குவில் பிளேட்லெட் இறங்கியிருக்கும்போது தொடைத் தசையில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். எண்ணிக்கை தேறியபின் போடலாம், டெங்கு வந்தது என்பதற்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். பிளேட்லெட் ஏற்றியிருந்தால் மேலே சொன்ன 7 மாதக் கணக்கு எம்.ஆருக்கு வந்துவிடும். ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா நோயுள்ள பிள்ளைக்கு, உறைய வைக்கும் ஃபேக்டர் மருந்து கொடுத்த கையோடு, 23 கேஜ் அல்லது அதைவிட மெல்லிய ஊசியில் போட்டு, குறைந்தது இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். தேய்க்கவே கூடாது. வளைந்த பாதத்துக்கு வாராவாரம் மாவுக்கட்டு மாற்றும் குழந்தைகளுக்குக் கட்டு தொடை வரை இருக்கும். பழைய கட்டை வெட்டிப் புதியது போடும் இடைவெளிதான் ஊசிக்கு நேரம். கட்டு மாற்றும் நாளும் தடுப்பூசி நாளும் ஒன்றாக விழும்படி தேதி கேட்டு வாங்குங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டும். மூத்த பிள்ளையோ, சித்தி பெரியம்மா பிள்ளையோ, தாய்மாமன் வழிக் குழந்தையோ பிறந்த சில மாதங்களில் காய்ச்சல், சளி, பேதி என்று மாறி மாறி வந்து இறந்திருந்தால், பி.சி.ஜி., ரோட்டா, போலியோ சொட்டு கொடுப்பதற்கு முன் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத நோய் சில குடும்பங்களில் ஓடும். சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் கூடுதலாகவே. அந்தக் குழந்தைக்கு இந்த மூன்றும் ஆபத்து. மற்றபடி இது மிக அரிது. அதைச் சொல்லி எல்லாரும் பி.சி.ஜி.யை மறுக்க வேண்டாம். பி.சி.ஜி. போட்ட இடத்தில் தழும்பு வரவில்லையே என்று மறுபடி போடவும் வேண்டாம்.

பதிவு. முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பதால் கர்ப்பப் பதிவு மன்னார்குடிப் பக்கம், பிரசவம் பட்டுக்கோட்டையில், ஐந்தாம் மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்ப மன்னார்குடி என்று நடக்கும். ஊசி போட வேண்டியவர்கள் பட்டியலில் ஒரு ஊரில் பெயர் விட்டுப்போகும், இன்னொரு ஊரில் ஏறியிருக்காது. ஆஸ்பத்திரியில் போட்டது இந்த இரண்டு ஊர் நர்ஸுக்கும் தெரியாது. அதனால் வார்டில் போட்டவுடன் அட்டையில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். சம்மரியிலும் ஊசியின் பெயர், எத்தனையாவது தவணை, தேதி, எந்தத் தொடை, பேட்ச் எண் எழுதச் சொல்லுங்கள். "வயதுக்கேற்ற தடுப்பூசி போடப்பட்டது" என்ற ஒற்றை வரி யாருக்கும் உதவாது. அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யூ-வின்னில் பதிகிறார்களா, எந்த செல் எண்ணில் பதிகிறார்கள் என்று பாருங்கள். தாய்வீட்டு எண்ணில் ஒருமுறை, மாமியார் வீட்டு எண்ணில் ஒருமுறை பதிந்தால் ஒரே பிள்ளை இரண்டு பிள்ளை ஆகிவிடும். தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு நோய் ஊசி என்று ஹெக்ஸா போட்டிருந்தாலும், அட்டையில் ஒட்டிய ஸ்டிக்கரைக் காட்டினால் பி.எச்.சி.யில் பென்டாவாகத் தொடர முடியும்.

அட்டையை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேர் செல்லில் வையுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது ஓடு பறந்த வீடுகளில் முதலில் நனைந்தது இந்த மாதிரிக் காகிதங்கள்தான். அட்டை தொலைந்தால், கர்ப்பத்தில் கொடுத்த பிக்மி எண்ணை வைத்து நர்ஸம்மாவின் பதிவேட்டில் தேடலாம். எங்கும் கிடைக்காவிட்டால் போடாத பிள்ளை என்றே கொண்டு தொடங்குவார்கள். கூடுதலாக ஒரு தவணை விழுவதால் கேடில்லை, குறைவதால்தான் கேடு.

ஊசிக்குப் பின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். பென்டா காய்ச்சல் அன்று மாலையோ மறுநாளோ வந்து இரண்டு நாளில் போகும். எம்.ஆர். காய்ச்சல் உடனே வராது, ஏழு முதல் பன்னிரண்டு நாள் கழித்து வரும். லேசாகத் தடிப்பும் தெரியலாம். பாராசிட்டமால் ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், தேவைப்பட்டால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. இங்கேதான் தப்பு நடக்கிறது. சொட்டு மருந்துப் பாட்டிலில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லியில் 125 இருக்கும், 250 இருப்பதும் உண்டு. 5 கிலோ பிள்ளைக்குச் சொட்டு மருந்து என்றால் 0.5 முதல் 0.75 மில்லி, 125 சிரப் என்றால் 2 முதல் 3 மில்லி. சிரப்புக்குச் சொன்ன 3 மில்லியைச் சொட்டு மருந்துப் பாட்டிலில் இருந்து எடுத்து ஊற்றினால் நாலு மடங்கு போய்விடும். பாட்டில் மேல் எழுதியிருப்பதை மெடிக்கல் ஷாப்பிலேயே படித்துக் காட்டச் சொல்லி, எத்தனை மில்லி என்று அட்டையில் எழுதி வாங்குங்கள். நிமோனியாவில் இருந்து இப்போதுதான் தேறிய பிள்ளை என்பதால், ஊசிக் காய்ச்சல் என்று நினைத்து மூச்சு வேகத்தைக் கவனிக்காமல் விடக் கூடாது. விலா உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாமல் இருந்தாலோ உடனே திரும்பிக் காட்டுங்கள்.

கடைசியாக, அட்டையில் மூளைக்காய்ச்சல் ஊசி என்று ஒரு கட்டம் இருக்கும். ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு தேங்கிய நெல் வயல் தண்ணீரில் பெருகும். பன்றி, கொக்கு, நாரைகளில் இருந்து கிருமியை எடுத்துக்கொண்டு வரும். நோய் பரவும் மாவட்டம் என்று அரசு அறிவித்த இடங்களில் மட்டும் இந்த ஊசி 9 மாதத்திலும் 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் போடப்படும். நீங்கள் பிள்ளையோடு வசிக்கப்போகும் ஊர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று அங்குள்ள நர்ஸம்மாவிடம் கேளுங்கள். இருந்தால் எம்.ஆரோடு ஒரே நாளில் போட்டுக்கொள்ளுங்கள். அன்று விட்டால் இரண்டுக்கும் நடுவே 4 வாரம் இடைவெளி விட வேண்டும்.